ஸ்டேஷனைச் சுத்தி ஊர் கட்டணும்னா முதல்ல எதிர்த்திசை ரயிலைப் பாருங்க

புறநகர் ரயில் ஓடுற பெரிய நகரம் எதை எடுத்தாலும் காலையில ஒரே கதைதான், நகரத்துக்குள்ள போற ரயில்ல நிக்க இடம் இருக்காது, அதே ரயில் வெளிய திரும்பி வரும்போது சீட்டெல்லாம் காலியா வரும், சாயங்காலம் அப்படியே தலைகீழ். ரயில்வே நடத்துறவங்களுக்கு இது பெரிய தலைவலி, ஏன்னா கரண்டு, டிரைவர் சம்பளம், தண்டவாள பராமரிப்பு எல்லாம் ரெண்டு திசைக்கும் ஆகுது, டிக்கெட் காசு மட்டும் ஒரு திசையில வருது. ஊர் திட்டமிடுறவங்க பார்வையில இது ஒரு அறிகுறி. அந்த ஸ்டேஷன்ல இருந்து ஜனங்க கிளம்பிப் போறாங்க, அங்க வந்து இறங்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லைன்னு அர்த்தம்.

ஸ்டேஷனைச் சுத்தி வீடு, கடை, ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் கலந்து, நடந்தே போய் வர்ற மாதிரி ஊர் கட்டணும்ங்கற பேச்சு இப்ப உலகம் பூரா நடக்குது. அதுல பாதி பேர் எத்தனை மாடி வரைக்கும் விடலாம்ங்கற சண்டையிலதான் ஆரம்பிக்கறாங்க, அங்கயே முடிச்சும் விடறாங்க. மாடி கணக்கு முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு ஸ்டேஷன் ஜனங்க வந்து சேர்ற இடமா இருக்கா, இல்ல கிளம்புற இடம் மட்டும்தானாங்கற கேள்விதான் முதல்ல வரணும். தெரு, பார்க்கிங், டைம்டேபிள், கடை எல்லாத்தோட தலையெழுத்தும் பெரும்பாலும் அதுலதான் இருக்கு.

இது ஒண்ணும் புது ஐடியா இல்ல. பீட்டர் கால்தார்ப்ங்கற அமெரிக்க பிளானர் 1990கள் ஆரம்பத்துல இதுக்கு ஒரு பேர் வச்சு பிரபலமாக்கினார், அதான் "டிரான்சிட் ஓரியண்டட் டெவலப்மெண்ட்", சுருக்கமா டிஓடி. ஆனா 1869லயே சிகாகோ பக்கத்துல ரிவர்சைடுன்னு ஒரு புறநகரை ஒரு ரயில் ஸ்டேஷனை நம்பித்தான் வரைஞ்சாங்க, வரைஞ்சது நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைச்ச ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் ஜோடி. லண்டன்ல மெட்ரோபாலிட்டன் ரயில்வே தண்டவாளம் போட வாங்கின நிலத்துல மிச்சமானதைக் கையில வச்சுக்கிட்டு, 1915ல "மெட்ரோலேண்ட்"னு ஒரு பேரைப் போட்டு விளம்பரம் பண்ணி, 1919ல அதுக்குன்னே தனி கம்பெனி ஆரம்பிச்சு வீடு கட்ட இறங்கிடுச்சு. ஆனா இவங்க வித்தது தூங்குறதுக்கான ஊர். காலையில உள்ள போ, சாயங்காலம் வெளிய வா, அவ்வளவுதான்.

அந்த ஒருவழி கணக்கை உடைச்சது ஜப்பான்காரங்க. கோபயாஷி இச்சிசோன்னு ஒருத்தர், இப்ப ஹான்கியூன்னு சொல்ற ரயில்வேயோட ஆரம்பகட்ட ஆள், 1910ல ஒசாகாவுல இருந்து கிராமப்புறம் பக்கமா ஒரு மின்சார ரயில் பாதை திறந்தார். வழியில பெருசா ஊரே கிடையாது. அதனால பாதை ஓரமா நிலத்தை வாங்கி, மனை போட்டு, வீடு கட்டி, தவணை முறையில வித்தார், சம்பளக்காரங்க வந்து வாங்கினாங்க. இது வரைக்கும் லண்டன் கதைதான். ஆனா அவர் பாதையோட மறுகோடியில தகரசூகாவுல வெந்நீர்க் குளியல் ஊரை 1911ல திறந்தார், கூட்டம் சேர்க்க அங்கேயே பொண்ணுங்க மட்டும் நடிக்கற நாடகக் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சார், அதோட முதல் மேடை 1914ல, இன்னைக்கும் ஓடுது. அப்புறம் 1929ல ஒசாகா பக்கத்து முனையில, உமேதா ஸ்டேஷன்லயே டிபார்ட்மெண்ட் ஸ்டோர். இப்ப பாருங்க, வாரநாள் காலையில வீட்டுல இருந்து நகரத்துக்கு கூட்டம், லீவு நாள்ல நகரத்துல இருந்து வெளிய கூட்டம், மத்தியானம் ஷாப்பிங் போறவங்க கூட்டம். ஒரே தண்டவாளம், மூணு வேளை வருமானம்.

டோக்கியோ பக்கம் இன்னும் ஒரு படி மேல போனாங்க. டோக்கியோவுக்கும் யோகஹாமாவுக்கும் நடுவுல ரயில் ஓட்டின கம்பெனி, இப்ப தோக்கியூ, கெய்யோ பல்கலைக்கழகத்துக்கு ஹியோஷிங்கற இடத்துல நிலத்தை இனாமாவே குடுத்துச்சு, 1934ல அங்க கேம்பஸ் திறந்தாங்க. நிலம் சும்மா போச்சேன்னு தோணும். ஆனா தினம் காலையில ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் நகரத்துக்கு உள்ள போற கூட்டத்துக்கு எதிர்த்திசையில, காலியா வர்ற ரயில்ல, டிக்கெட் எடுத்து வர்றாங்க. கூடுதலா ஒரு ரயில் கூட விட வேண்டியதில்ல. நிலத்தோட விலையை விட இது பெருசுன்னு கணக்கு போட்டவன் சாமானியன் இல்ல.

ஸ்வீடன்ல அரசாங்கமே இதை செஞ்சு பாத்துச்சு. ஸ்டாக்ஹோம்ல ஸ்வென் மார்கேலியுஸ்ங்கற பிளானர் தலைமையில வெல்லிங்பின்னு ஒரு புறநகர், அதோட சென்டர் 1954ல திறந்தாங்க. வேலை, வீடு, கடைவீதி மூணும் ஒரே இடத்துல இருக்கணும், அங்க குடியிருக்கறவங்கள்ல பாதி பேர் அங்கேயே வேலை பாக்கணும்னு இலக்கு. அந்த இலக்கு படுதோல்வி. குடியிருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வெளியதான் வேலைக்குப் போனாங்க, அங்க இருந்த வேலைகளுக்கு வேற ஊர்க்காரங்க வந்தாங்க. யாரு எங்க வேலை தேடணும்னு வரைபடம் போட்டு முடிவு பண்ண முடியுமா என்ன, புருஷனுக்கு ஒரு பக்கம் வேலை பொண்டாட்டிக்கு ஒரு பக்கம் வேலைன்னுதான் குடும்பங்கள் இருக்கு. ஆனா தோத்துப்போன அந்த இலக்குல இருந்து ஒரு நல்லது வந்துச்சு, போறவங்களும் வர்றவங்களும் ஒரே நேரத்துல பயணம் பண்ணினதால ரயில் ரெண்டு பக்கமும் நிறைஞ்சு ஓடுச்சு. "எல்லாரும் வீட்டுக்குப் பக்கத்துலயே வேலை பாப்பாங்க"ன்னு இப்பவும் பிரசெண்டேஷன் போடறவங்க இருக்காங்க, அவங்களுக்கு வெல்லிங்பியைக் காட்டணும்.

சரி, ஆபீஸையும் காலேஜையும் ஏன் ஸ்டேஷன் வாசல்லயே வைக்கணும், வீட்டை அங்க வச்சுட்டு ஆபீஸைக் கொஞ்சம் தள்ளி வச்சா என்னன்னு கேக்கலாம். பதில் ரொம்ப சிம்பிள். வீட்டுப்பக்கம் உங்க கையில சைக்கிள் இருக்கு, பைக் இருக்கு, கொண்டுவந்து விட ஆள் இருக்காங்க, ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சமாளிச்சிடலாம். ரயிலை விட்டு இறங்குற பக்கம் உங்ககிட்ட இருக்கறது ரெண்டு கால் மட்டும்தான். ஆபீஸ் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஹைவே ஓரமா இருந்தா ஆள் கார்லயேதான் வருவார். டென்மார்க்ல இதை சட்டமாவே வச்சிருக்காங்க. கோபன்ஹேகன்ல 1947ல போட்ட "விரல் திட்டம்"னு ஒண்ணு உண்டு, உள்ளங்கை பழைய நகரம், விரல் ஒவ்வொண்ணும் ஒரு புறநகர் ரயில் பாதை, விரல்களுக்கு நடுவுல வயலும் காடும் அப்படியே விட்டுடணும். பிற்காலத்துல அதோட ஒரு விதியும் சேர்ந்துச்சு, 1,500 சதுர மீட்டருக்கு மேல பெரிய ஆபீஸ் கட்டணும்னா பொதுவா ஸ்டேஷன்ல இருந்து 600 மீட்டருக்குள்ள கட்டணும். வீட்டுக்கு இல்லாத கண்டிப்பு ஆபீஸுக்கு, அதை கவனிங்க.

இப்ப தூரத்துக்கு வருவோம். இந்தத் துறையில எல்லாரும் ஸ்டேஷனை நடுவுல வச்சு காம்பஸ்ல ஒரு வட்டம் போடுவாங்க, 800 மீட்டர், பத்து நிமிஷ நடைன்னு. ஜப்பான்ல வீட்டு விளம்பரத்துல "ஸ்டேஷன்ல இருந்து 7 நிமிஷம்"னு போடணும்னா அதுக்கு விதியே இருக்கு, 80 மீட்டர் நடைக்கு ஒரு நிமிஷம், அதுவும் நேர்க்கோட்டு தூரம் இல்ல, தெரு வழியா நடக்கற தூரம். அந்த விதியோட உயிரே அந்த "தெரு வழியா"ங்கறதுலதான் இருக்கு. 800 மீட்டர் வட்டத்தோட பரப்பு கிட்டத்தட்ட 200 ஹெக்டேர். ஆனா யாரும் காக்கா மாதிரி பறந்து போறதில்ல. தெருக்கள் நெருக்கமா கட்டம் கட்டமா இருந்தாலே பத்து நிமிஷத்துல நடந்து எட்டுற பரப்பு 128 ஹெக்டேர்தான். ஸ்டேஷனுக்கு தண்டவாளத்தோட ஒரு பக்கம் மட்டும் வாசல் இருந்து, மறுபக்கம் போக பாலமோ சுரங்கப்பாதையோ கிட்டத்துல இல்லைன்னா அதுவும் பாதியாகி 64. இதுல தெருவெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு முட்டுச்சந்துல முடியுற டைப் லேஅவுட்டா இருந்தா இன்னும் கீழ இறங்கும். பிளாட்ஃபார்ம் கண்ணுக்குத் தெரியுற வீட்டுல இருந்துகிட்டு இருபது நிமிஷம் சுத்தி நடக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, நடுவுல ஒரே ஒரு காம்பவுண்ட் சுவர்.

அந்த 128 ஹெக்டேர்ல தெரு, பார்க், ஸ்கூல்னு நாப்பது சதவீதம் போனா மிச்சம் 75 ஹெக்டேர் சொச்சம். ஹெக்டேருக்கு 60 வீடுன்னு வச்சா 4,500 வீடு, சுமாரா பத்தாயிரம் ஜனம். 60 வீடுங்கறது வானளாவிய டவர் எல்லாம் இல்ல, ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடும் நடுநடுவுல மூணு மாடி அபார்ட்மெண்டும் கலந்தாலே வந்துடும். அதே ஊரை 64 ஹெக்டேருக்கு சுருக்கி, தனித்தனி வீடா ஹெக்டேருக்கு 15ன்னு போட்டுப் பாருங்க, அறுநூறு வீடு கூட தேறாது. ஒரு சின்ன மளிகைக் கடை ஓடவே சுமார் ஆயிரம் வீடு வேணும்னு கடை திட்டமிடுறவங்க ஒரு குத்துமதிப்பு கணக்கு வச்சிருக்காங்க. ஆக ரெண்டு ஊருக்கும் வித்தியாசத்தை உண்டாக்குறது மாடி மட்டும் இல்ல, ரெண்டாவது வாசலுக்கும் தெரு இணைப்புக்கும் அதுல ஒரு நல்ல பங்கு உண்டு. ரீட் யூயிங், ராபர்ட் செர்வெரோங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் 2010ல பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி ஒரு கட்டுரை போட்டாங்க, அதுலயும் அடர்த்தி தனியா எடுத்தா கார் ஓட்டுற தூரத்தைக் குறைக்கறதுல அதோட பங்கு சின்னதாத்தான் வந்துச்சு, ஜனங்க போக வேண்டிய இடங்கள் எவ்வளவு கிட்டத்துல இருக்குங்கறதுதான் பெருசா வந்துச்சு, நடக்கறதைப் பொறுத்தவரைக்கும் தெரு சந்திப்புகள் நெருக்கமா இருக்கறது பெருசா வந்துச்சு.

நெதர்லாண்ட்ஸ்ல ஹௌட்டன்னு ஒரு ஊர், உட்ரெக்ட் பக்கத்துல. 1960கள் கடைசியில ஒரு சின்ன கிராமம், இன்னைக்கு அம்பதாயிரம் பேர் கிட்ட. நடுவுல ஸ்டேஷன், அதைச் சுத்தி சென்டர், எல்லாத்தையும் சுத்தி வெளிய ஒரு ரிங் ரோடு. ஒரு பேட்டையில இருந்து இன்னொரு பேட்டைக்கு கார்ல போகணும்னா பெரும்பாலும் வெளிய ரிங் ரோடு வரைக்கும் போய் சுத்திதான் வரணும், சைக்கிள்லயும் நடந்தும் போனா நேரா குறுக்க போயிடலாம். காரைத் தடை பண்ணல, சுத்து வழியை காருக்குக் குடுத்து நேர் வழியை மனுஷனுக்குக் குடுத்தாங்க. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல பத்து நிமிஷம் சைக்கிள் மிதிச்சா ரெண்டரை கிலோமீட்டர், பரப்புக் கணக்குல நடைவட்டத்தை விட கிட்டத்தட்ட பத்து மடங்கு. புறநகர்ல, வீடுகள் கொஞ்சம் விட்டு விட்டு இருக்கற இடத்துல, இந்த பத்து மடங்கை விட்டுட்டு திட்டம் போடறது எனக்குப் புரியாத விஷயம்.

ஸ்டேஷன் எங்க உக்காருதுங்கறது இதுக்கெல்லாம் முன்னாடியே பாதி தலைவிதியை எழுதிடும். வாஷிங்டன் பக்கத்துல ஆர்லிங்டன் கவுண்டி, அங்க மெட்ரோ பாதையை முதல்ல ஹைவே நடுவுல போடறதா இருந்தாங்க, நிலம் சும்மா கிடைக்கும், தோண்ட வேண்டியதில்ல. கவுண்டிக்காரங்க ஒத்துக்கல, செலவு அதிகம் ஆனாலும் பரவாயில்லைன்னு மங்கிப்போய்க்கிட்டிருந்த பழைய கடைவீதிக்கு அடியில கொண்டுபோகச் சொல்லி வாதாடி ஜெயிச்சாங்க. 1979ல பால்ஸ்டன் வரைக்கும் திறந்துச்சு. ஒவ்வொரு ஸ்டேஷன் தலைக்கு மேலயும் உயரமான கட்டிடம், நாலஞ்சு தெரு தள்ளினா படிப்படியா இறங்கி பழைய தனி வீடுகள் அப்படியே, ஆபீஸும் வீடும் கலந்து. அதே பாதை அதுக்கப்புறம் ஹைவே நடுவுக்குப் போகுது, அங்க இருக்கற ஸ்டேஷன்ல இறங்கினா ரெண்டு பக்கமும் வேகமா போற காரும் பார்க்கிங்கும்தான் வரவேற்கும். கண்டிப்பா சொல்லணும்னா அது மெட்ரோ, புறநகர் ரயில் இல்ல, ஆனா பாடம் ஒண்ணுதான்.

பார்க்கிங் விஷயத்துல நடைப்பிரியர்கள் கொஞ்சம் ஏமாத்துவாங்க, அதை இங்க உடைச்சே சொல்லிடறேன். ஒரு காருக்கு வந்து திரும்புற வழியோட சேர்த்து சுமார் 30 சதுர மீட்டர் வேணும். அப்ப ஒரு ஹெக்டேர்ல 330 கார் சொச்சம். அதே ஒரு ஹெக்டேர்ல மூணு நாலு மாடியில 150 வீடு கட்டினா முன்னூறு பேர், அதுல மூணுல ஒருத்தர் தினம் ரயில் ஏறினாலும் நூறு பேர்தான். வெறும் தலை எண்ணிக்கைன்னா பார்க்கிங்தான் ஜெயிக்குது, அதுவும் மூணு மடங்கு. ரயில்வே மேனேஜர் பார்க்கிங்கை விடமாட்டேன்னு அடம் பிடிக்கறது முட்டாள்தனம் இல்ல.

ஆனா அந்த 330 பேரும் எப்ப ஏறுறாங்க? ஏற்கனவே பிதுங்குற காலை ரயில்ல, ஏற்கனவே பிதுங்குற திசையில. எட்டு மணிக்கு பார்க்கிங் ஃபுல், அதுக்கப்புறம் பத்து மணிக்கு டாக்டரைப் பாக்க கிளம்புறவங்களுக்கு இடமில்ல, அவங்க கார்லயே போயிடுவாங்க. எதிர்த்திசையில வர்றவங்களுக்கு அந்த பார்க்கிங்கால ஒரு பிரயோஜனமும் இல்ல, அவங்க கார் அவங்க வீட்டுப்பக்கம்ல இருக்கு. அது போக அந்த பார்க்கிங் உக்காந்திருக்கறது ஊர்லயே நடந்து வர்றதுக்கு வசதியான நிலத்துல. வாசல் முன்னாடி ரெண்டு பக்கமும் 200 மீட்டர் பார்க்கிங் இருந்தா அதைத் தாண்டி இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டரை நிமிஷம் வெட்ட வெளியில நடை, பத்து நிமிஷத்துல கால்வாசி அங்கேயே காலி. ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுக்க முடியாது, எடுத்தா கூட்டம் கார்லயே நகரத்துக்குப் போயிடும். முதல்ல பார்க்கிங்குக்கு காசு வாங்க ஆரம்பிக்கணும், அப்புறம் அதை ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம் தள்ளி நகர்த்தணும், அல்லது ஊருக்கு வெளிய ஹைவே பக்கத்துல இருக்கற வேற ஸ்டேஷன்ல குவிக்கணும், எல்லா ஸ்டேஷனும் ஒரே மாதிரி இருக்கணும்னு யாரு சொன்னா.

புதுசா கட்டுற வீட்டுக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம்ங்கற விதி தனி தொல்லை. டொனால்ட் ஷூப்ங்கற பேராசிரியர் வாழ்நாள் பூரா இதை எதிர்த்து எழுதினார், பார்க்கிங் இலவசம் இல்ல, அதோட விலை வாடகையிலயும் கடை சாமான் விலையிலயும் ஒளிஞ்சிருக்குன்னு. கலிபோர்னியா 2022ல சட்டம் போட்டு, பெரிய ரயில், பஸ் நிறுத்தங்கள்ல இருந்து அரை மைலுக்குள்ள அந்த குறைந்தபட்ச பார்க்கிங் விதியை பெரும்பாலும் எடுத்துடுச்சு. பார்க்கிங் கட்டக்கூடாதுன்னு இல்ல, கட்டியே ஆகணும்னு அரசாங்கம் சொல்லாது, அவ்வளவுதான்.

டைம்டேபிளைப் பத்தி பேசாம இந்த விஷயத்தை முடிக்கவே முடியாது, ஆனா கட்டிடக்கலை ஆளுங்க எழுதுற டிஓடி அறிக்கைகள்ல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலே அதிகம். காலையில ஆறு ரயில், சாயங்காலம் ஆறு ரயில், நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு ஓடுற பாதை பக்கத்துல எவ்வளவு அழகா ஊர் கட்டினாலும் அங்க இருக்கறவங்க ரெண்டு கார் வச்சிருப்பாங்க, குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு ஸ்கூல்ல இருந்து மத்தியானம் போன் வந்தா எப்படி வருவாங்க சொல்லுங்க. ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிச்சு ராத்திரி பத்தரைக்கு வர்ற நர்ஸ், ரெண்டு மணிக்கு கிளாஸ் போற காலேஜ் பையன், இவங்கெல்லாம் எதிர்த்திசையிலயும் நடுநேரத்துலயும்தான் பயணம் பண்றாங்க. சுவிட்சர்லாந்து 1982ல நாடு பூரா ஒரே தாளக்கட்டு டைம்டேபிள் கொண்டுவந்துச்சு, ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிஷத்துல ரயில். 1990ல சூரிச்ல எஸ்-பான்ங்கற புறநகர் ரயில் சேவை ஆரம்பிச்சப்ப மெயின் ஸ்டேஷனுக்கு அடியில புது சுரங்கம் போட்டு, வந்து முட்டி நின்னு திரும்பிக்கிட்டிருந்த புறநகர் ரயிலை நகரத்தை ஊடுருவி மறுபக்கம் போக விட்டாங்க. அப்புறம் இந்தப் பக்கத்து புறநகர்க்காரர் அந்தப் பக்கத்து புறநகர்ல வேலை பாக்க முடியும். மத்தியானம் ரயில் இருக்குன்னு நம்பிக்கை வந்தாத்தான் ரெண்டாவது காரை விக்கலாமான்னு ஒரு குடும்பம் யோசிக்கும், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு இருந்தா டைம்டேபிளையே பாக்க மாட்டாங்க.

அடுத்தது நிலம் யாரு கையிலங்கறது. புறநகர்ல ஸ்டேஷனைச் சுத்தி நூத்துக்கணக்கான சொந்தக்காரங்க, ஒருத்தர் மனை நீளம், ஒருத்தர் மனை கோணல், தெரு அகலப்படுத்த யாரும் விடமாட்டாங்க. ஜப்பான்ல இதுக்கு நில மறுசீரமைப்புன்னு ஒரு வழி உண்டு. சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வச்சு, நிலத்தையெல்லாம் ஒண்ணா போட்டு, தெருவும் பார்க்கும் ஒழுங்கா வரைஞ்சு, திரும்பப் பிரிச்சுக்குவாங்க. ஒவ்வொருத்தருக்கும் முன்ன இருந்ததை விட சின்ன மனை, ஆனா ரோடும் ரயிலும் வந்ததால மதிப்பு அதிகம். மிச்சமாகுற கொஞ்ச நிலத்தை வித்து ரோடு, சாக்கடை செலவைக் கட்டிக்குவாங்க. தோக்கியூ கம்பெனி 1953ல அறிவிச்ச தாமா பக்கத்து பெரிய புறநகரை இப்படித்தான் உருவாக்குச்சு, சங்கத்துக்கான வேலையையெல்லாம் கம்பெனியே செஞ்சு குடுத்து பதிலுக்கு அந்த மிச்ச நிலத்தை வாங்கிக்கிச்சு, 1966ல ரயிலும் வந்துச்சு. யாரையும் விரட்டல, யார்கிட்டயும் பிடுங்கல, ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசி சம்மதம் வாங்கறதுக்கு ரொம்ப காலம் ஆகும். ஹாங்காங்ல வேற வழி, நிலம் அரசாங்கத்துது, ரயில் வர்றதுக்கு முன்னாடி என்ன விலையோ அந்தக் கணக்குல கட்டுற உரிமையை அங்க ரயில் ஓட்டுற எம்டிஆர் கம்பெனிக்கு குடுக்கறாங்க, ரயில் வந்தப்புறம் ஏறுற மதிப்புல இருந்து ரயில் செலவை எடுத்துக்கறாங்க. ரெண்டுலயும் பொதுவானது, ரயிலால ஏறுன மதிப்பு ரயிலுக்கும் தெருவுக்கும் திரும்ப வந்துச்சு. மத்த இடங்கள்ல அது முன்கூட்டியே நிலம் வாங்கிப் போட்டவன் பாக்கெட்டுக்குத்தான் போகுது.

வாடகை ஏறுறதும் இதோட சேர்ந்ததுதான். நடக்க வசதியான, ரயில் கிட்டத்துல இருக்கற ஊர் எல்லாருக்கும் பிடிக்கும், அப்படி ஊர் கொஞ்சம்தான் இருந்தா காசு உள்ளவங்கதான் அங்க இருப்பாங்க, ரயிலை நம்பி வாழ்றவங்க பஸ்ஸும் இல்லாத இடத்துக்குத் தள்ளப்படுவாங்க. குறைஞ்ச வாடகை வீட்டுக்கான நிலத்தை அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வைக்கணும், அப்புறம் வாங்க முடியாது. ஒரே ஒரு ஸ்டேஷனை மட்டும் மாடல் ஸ்டேஷனா பண்றதும் தப்பு, பாதை பூரா அனுமதி குடுத்தாத்தான் விலை பரவும். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் 2021ல அதைத்தான் முயற்சி பண்ணுச்சு. பாஸ்டனைச் சுத்தி 177 ஊர்களுக்கு, பல குடும்பம் வாழுற கட்டிடத்தை ஸ்பெஷல் அனுமதி கேக்காமலே கட்டுறதுக்கு ஒரு பகுதி ஒதுக்கணும்னு சட்டம், ஏக்கருக்கு குறைஞ்சது 15 வீடு, ஸ்டேஷன் இருக்கற ஊர்ல அது ஸ்டேஷனுக்குப் பக்கத்துல. 15ங்கறது ஹெக்டேருக்கு 37தான், நான் மேல சொன்ன வரிசை வீட்டை விட கம்மி. அதுக்கே மில்டன்ங்கற ஊர் 2024ல ஓட்டு போட்டு முடியாதுன்னு சொல்லிச்சு, கேஸ் மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2025 ஜனவரியில சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. அந்த சட்டத்துல எனக்கு ஒரு குறை, அது வீட்டைப் பத்திதான் பேசுது. ஆபீஸ், காலேஜ், கிளினிக், அதாவது வந்து இறங்குறதுக்கான காரணம் எதுவும் அதுல கட்டாயம் இல்ல.

கடைசியா கடைங்க. வரைபடத்துல எல்லாத் தெருவுலயும் தரைத்தளத்துல கடை, குடை போட்டு காபி குடிக்கற ஜனம், எல்லாம் அழகா இருக்கும். நிஜத்துல ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தரைத்தளக் கடை கட்டாயம்னு விதி போட்ட இடங்கள்ல பாதி கடை கண்ணாடியில பேப்பர் ஒட்டி வருஷக்கணக்கா மூடிக் கிடக்கும், அந்தத் தெருவுல நடக்கறது வெறும் சுவர் ஓரமா நடக்கறதை விட மோசம். அமெரிக்காவோட ஆரிகன் மாநிலத்துல ஒரென்கோ ஸ்டேஷன்னு ரொம்ப பேசப்பட்ட ஒரு புறநகர், ரயில் 1998ல வந்துச்சு, ஆனா கடைவீதியை ஸ்டேஷன் வாசல்ல வைக்கல, கால் மைல் தள்ளி கார் அதிகம் போற ரோடு பக்கத்துல வச்சாங்க. இறங்குற கூட்டத்தை மட்டும் நம்பி கடை பிழைக்காதுன்னு கடைக்காரங்களுக்குத் தெரியும். காலையிலயும் சாயங்காலமும் கூட்டம் ஓட்டமும் நடையுமா போகும், நடுவுல ஆறு மணி நேரம் ஈ ஓட்டணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்ற ஆபீஸ் ஆளும் காலேஜ் பசங்களும் இருந்தாத்தான் அந்த ஆறு மணி நேரம் நிரம்பும், எதிர்த்திசையில வந்து இறங்குறவங்கதான் அவங்க.

அதனால புது ஸ்டேஷன் பகுதியில கடையை ஒரே ஒரு தெருவுல, வாசல்ல இருந்து நேரா போற தெருவுல, ஒரு 150, 200 மீட்டருக்குள்ள அடக்கிடணும், மத்த தெருவுல வீட்டு வாசப்படியும் ஜன்னலும் தெருவைப் பாத்து இருந்தா போதும். அந்த ஒரு தெருவுலயும் முதல் சில வருஷம் ஜனம் பத்தாது. தரைத்தளத்தை உயரமான கூரையோட, தெரு மட்டத்துல வாசல் வச்சு, கடையா மாத்த வசதியா கட்டிட்டு, கூட்டம் சேர்ற வரைக்கும் பல் டாக்டர், டியூஷன் சென்டர், சின்ன ஆபீஸ், ஏன் வீடாக்கூட வாடகைக்கு விடலாம், அதுக்கு அனுமதி விதியில இடம் இருக்கணும். முதல்ல வர்ற மளிகைக் கடைக்கு ரெண்டு மூணு வருஷம் வாடகையைக் குறைச்சுக் குடுக்கறதை டெவலப்பரோட அப்ரூவல் நிபந்தனையிலயே எழுதி வாங்கிடலாம், ஏன்னா அந்தக் கடை திறந்த தேதியில இருந்துதான் மேல இருக்கற வீடுகளையே அவர் நல்ல விலைக்கு விக்கப் போறார்.